புள்ளைகளை வெளிய தனியா வெளாட உடறது எப்படி, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்

எத்தனை வயசானா புள்ளைய தனியா வெளிய உடலாம்னு கேக்கறவங்க எல்லாருமே ஒரு நம்பரைத்தான் எதிர்பாக்கறாங்க, ஆனா அந்த நம்பரை வெச்சு நம்ம பக்கம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கோயமுத்தூர்ல கேட்டு போட்ட அபார்ட்மெண்டுல இருக்கற எட்டு வயசும், கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கா ஓரத்து தோட்டத்துல இருக்கற எட்டு வயசும், திருப்பூர்ல பனியன் கம்பெனி சந்துல லைன் ஊட்ல இருக்கற எட்டு வயசும் ஒண்ணு இல்ல. அதனால வயசை கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி: ஊட்டை சுத்தி என்ன இருக்குது, உங்க புள்ளைக்கு என்ன தெரியும். இந்த ரெண்டுக்கும் பதில் கிடைச்சா எவ்வளவு தூரம் உடலாம்னு தானா தெரிஞ்சுரும்.

முதல் வேலை நடக்கறது. ஒரு ஞாயித்துக்கெழமை பொழுதோட போனை ஊட்லயே வெச்சுட்டு புள்ளைய கூட்டிக்கிட்டு சுத்தி நடங்க, ஆனா நீங்க முன்னால போகாதீங்க, அவனை முன்னால உட்டு "கண்ணு, நீ தினமும் எங்கெங்க போவியோ அங்க கூட்டிட்டு போ"ன்னு சொல்லுங்க. உங்களுக்கு தெரியாத வழியெல்லாம் அப்பத்தான் தெரிய வரும். எந்த இட்டேரில, அதான் ரெண்டு பக்கமும் வேலி இருக்கற தடத்துல, பூந்து போறாங்க, எந்த கம்பிவேலில ஓட்டை இருக்குது, பந்து எங்க போய் உழுகும், அதை எடுக்க எங்க எறங்குவாங்க, எல்லாம் பாத்துக்கோங்க. பந்து எங்க போய் உழுகுதுங்கறது ரொம்ப முக்கியமுங்க, ஏன்னா வெளாட்டு நடக்கற எடம் சமமா நல்லாத்தான் இருக்கும், பந்து உருண்டு போற எடம்தான் குட்டையோ கெணறோ ரோடோ.

நடக்கறப்ப மூடாத கெணறு, மோட்டார் ரூம் ஸ்டார்ட்டர் பெட்டி, வேலி இல்லாத டிரான்ஸ்பார்மர், அபார்ட்மெண்டா இருந்தா தண்ணித்தொட்டி மூடி, பேஸ்மெண்ட்ல வண்டி ஏறி எறங்கற சாய்வு, இதெல்லாம் கண்ணுல படணும். அப்புறம் போர்க்குழி, அதான் போர்வெல் போட்ட குழி. இந்தியா முழுக்க போர் போட நம்ம திருச்செங்கோட்டுல இருந்து நெறைய ரிக் வண்டி போகுது, நம்ம காட்டுலயே தண்ணி வராம உட்ட குழி எத்தனை கெடக்குதோ. 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் ஒரு ரெண்டு வயசு கொழந்தை உழுந்ததை நாலு நாள் டிவில பாத்துட்டு அழுதோம். கைவிட்ட குழியை அடியில இருந்து தரை மட்டம் வரைக்கும் மண்ணு, கல்லு போட்டு நெரப்பணும்னு சுப்ரீம் கோர்ட்டு 2010லயே சொல்லியாச்சு. மேல ஒரு சாக்கும் கல்லும் வெச்சா மூடுனதா ஆகாதுங்க. பக்கத்து தோட்டத்துல தெறந்து கெடந்தா சங்கடம் பாக்காம போய் சொல்லுங்க, கேக்கலைன்னா பஞ்சாயத்துல சொல்லுங்க, உறவு கெட்டாலும் போச்சாது.

இப்ப தண்ணி. நம்ம பக்கம் புள்ளை புடிக்கறவனை நெனச்சு பயப்படற அளவுக்கு தண்ணியை நெனச்சு யாரும் பயப்படறதில்ல, அது எனக்கு ரொம்ப வெசனமா இருக்குதுங்க. கீழ்பவானி வாய்க்கா மட்டுமே 200 கிலோமீட்டர் ஓடுது, பவானிசாகர் அணைல வழக்கமா ஆகஸ்ட் 15 வாக்குல தண்ணி தெறந்தாங்கன்னா நேத்து வரைக்கும் புள்ளைங்க கிரிக்கெட் ஆடிட்டு இருந்த வாய்க்கா ரெண்டொரு நாள்ல ஆளை இழுக்கற வாய்க்காலா ஆயிரும். பிஏபிங்கற பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலும் அப்படித்தான், மண்டலம் மாத்தி மாத்தி தெறக்கறதால எப்ப வரும்னு புள்ளைக்கு தெரியாது, நீங்கதான் தெரிஞ்சு வெச்சுக்கணும். கான்கிரீட் போட்ட எடத்துல பாசி புடிச்சு வழுக்கும், புடிச்சு ஏற ஒரு வேர் கூட இருக்காது. அதே ஆபத்துதான் ஷீட் விரிச்ச பண்ணைக்குட்டைலயும், பாக்க நீச்சல்குளம் மாதிரி சுத்தமா இருக்கும், உள்ள எறங்குனா பெரியவங்களுக்கே கால் நிக்காம சறுக்கிட்டே போகும், அதுக்கு கட்டாயம் வேலி போட்டு உள்ள ரெண்டு மூணு பக்கம் முடிச்சு போட்ட கயிறோ பழைய டயரோ தொங்க உட்டிருக்கணும். பாறைக்குழில ஆழமே தெரியாது, உள்ள கல்லு எங்க நீட்டிட்டு இருக்குதுன்னும் தெரியாது, அங்க போறதே கூடாது.

அதனால என்னோட முடிவு இதுதான்: தண்ணி பக்கத்துல இருக்கற ஊடா இருந்தா, நீச்சல் தெரியாத புள்ளைக்கு தனியா போற எல்லை வாசலோட முடிஞ்சுது, அது பத்து வயசா இருந்தாலும் சரி. அஞ்சாறு வயசுலயே பழக்க ஆரம்பிங்க. லாரி டியூப்போ சுரைக்குடுக்கையோ கட்டி, இடுப்புல கயிறு போட்டு, மாமனோ அப்புச்சியோ கூட எறங்கி கெணத்துல பழக்கற நம்ம பழைய முறையே போதும், இல்லைன்னா டவுன்ல நீச்சல்குளத்துல சேத்துங்க, பொண்ணு பையன்னு பாக்காம ரெண்டு பேரையும். நீச்சல் தெரியும்னா சும்மா கையைக் காலை அடிக்கறது இல்ல, சட்டை டவுசரோட உழுந்தா மேல வந்து, மல்லாக்க மெதந்து மூச்சு வாங்கி, கரைக்கு வந்து யாரும் கை குடுக்காம ஏறணும், அதை கண்ணால பாத்த பொறவுதான் தெரியும்னு சொல்லணும். தெரிஞ்சாலும் ஓடற வாய்க்கால்ல பெரியவங்க இல்லாம எறங்கக்கூடாதுங்கறதுல மாத்தமே இல்ல.

இன்னொண்ணு, இதை புள்ளைகிட்ட திரும்பத் திரும்ப சொல்லோணும். ஒருத்தன் உழுந்தா காப்பாத்தறேன்னு பின்னாடியே குதிக்கறது நல்ல மனசுதான், ஆனா ஒண்ணுக்கு ரெண்டு மூணு உசுரா போறது அப்படித்தான். "குதிக்காத சாமி, கத்து, கையில கெடைச்ச காலி குடம், கேன், கயிறு, துண்டு எதையாவது வீசு, ஓடிப்போய் பெரியவங்களை கூப்பிடு." முழுகறவங்க கத்தி கையை ஆட்டுவாங்கன்னு நெனைக்காதீங்க, பெரும்பாலும் சத்தமே இல்லாமதான் உள்ள போவாங்க. வெளிய எடுத்ததும் தலைகீழா புடிச்சு சுத்தறது, வயித்தை அமுக்கறது எல்லாம் வேண்டாம், மூச்சு இல்லைன்னா உடனே வாயோட வாய் வெச்சு ஊதி நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சுட்டே 108க்கு கூப்பிட சொல்லுங்க. இதை ஒரு தடவையாவது நேர்ல கத்துக்கோங்க.

ரோட்டுக்கு வருவோம். பத்து வயசுக்குள்ள பெரும்பாலான புள்ளைங்களுக்கு வர்ற வண்டியோட வேகத்தை கணிக்க வராது, அறிவு கம்மின்னு இல்ல, அந்த வயசு அப்படி. மெயின் ரோட்டை தாண்டித்தான் கிரவுண்டுக்கு போகோணும்னா தாண்டறப்ப மட்டும் பெரியவங்க ஒருத்தர் நில்லுங்க, கிரவுண்டுல தனியா வெளாடட்டும். கம்பெனி வேன் ஓடற நேரமும் எம்சாண்ட் லாரி ஓடற ரோடும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அஞ்சு வயசுக்குள்ள இருக்கற பொடுசுகளுக்கு ரோட்டை உட வாசல்ல ரிவர்ஸ் எடுக்கற வண்டிதான் பயம், வண்டி எடுக்கறவங்க எறங்கி பின்னாடி பாத்துட்டுத்தான் எடுக்கோணும். அப்புறம், கடைக்கு போயிட்டு வரட்டும்னு பதிமூணு வயசு பையன்கிட்ட எக்ஸ்எல் மொபெட் சாவியை குடுக்கறது சுதந்திரமே இல்லைங்க. 2019ல திருத்துன மோட்டார் வாகன சட்டப்படி 25,000 ரூவா அபராதமும் மூணு வருசம் வரைக்கும் ஜெயிலும் புள்ளைக்கு இல்ல, பெத்தவங்களுக்கோ வண்டி ஓனருக்கோதான். சைக்கிள் குடுங்க, அதுதான் அந்த வயசுக்கு.

நாய், பாம்பு ரெண்டும் சுருக்கமா சொல்லிடறேன். நாய் வந்தா ஓடாம நின்னு, கண்ணை நேரா பாக்காம மெதுவா பின்னாடி நகரணும். கடிச்சாலும், பல்லு லேசா கீறுனாலும் சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிசம் கழுவி அன்னைக்கே ஜிஎச்சுக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்க, ஊசி இலவசம், எல்லா ஊசியும் போட்டு முடிக்கணும். இதுல பெரிய விசயம் என்னன்னா, திட்டுவாங்கன்னு பயந்து புள்ளைங்க கீறலை மறைச்சுருவாங்க, அதனால "நாய் கடிச்சா திட்ட மாட்டேன்"னு இப்பவே வாக்கு குடுத்து வெய்யுங்க. பாம்புக்கு, சோளத்தட்டுப் போர், தென்னமட்டை குவியல், கல்லுக்குமி இதுக்குள்ள ஒளிஞ்சு வெளாடக்கூடாது, இருட்டுல டார்ச் இல்லாம நடக்கக்கூடாது. கடிச்சா கட்டு போடாதீங்க, கீறாதீங்க, மந்திரிக்க தூக்கிட்டு போகாதீங்க, கடிச்ச கையையோ காலையோ அசைக்காம நேரா ஜிஎச்.

புள்ளை புடிக்கறவங்க சங்கதி. வாட்ஸ்அப்ல வர்ற ஆடியோவை நம்பி 2018 மே மாசம் போளூர் பக்கம் கொழந்தைகளுக்கு சாக்லேட் குடுத்த ஒரு வயசான அம்மாவை ஊரே சேந்து அடிச்சு கொன்னுட்டாங்க, அந்த மாதிரி மெசேஜை பார்வேர்ட் பண்ணாம இருங்க, புள்ளைக்கு எதுக்கால படிச்சு காட்டாதீங்க. புள்ளைங்ககிட்ட தப்பா நடக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க தெரிஞ்ச ஆளுங்கதான், தேசிய குற்ற ஆவண காப்பகத்தோட போக்சோ (கொழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான சட்டம்) கணக்கும் வருசா வருசம் அதைத்தான் காட்டுது. அதனால "தெரியாதவங்ககிட்ட பேசாத"ங்கறது மட்டும் பத்தாது. யாரு கூப்பிட்டாலும், சித்தப்பாவே கூப்பிட்டாலும் "அம்மாகிட்ட சொல்லிட்டு வர்றேனுங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போகோணும். "ஊட்ல சொல்லாத"ன்னு எந்த பெரியவங்க சொன்னாலும் அதை மொதல் வேலையா ஊட்ல வந்து சொல்லோணும். உங்க போன் நம்பர் மனப்பாடமா தெரியணும், 1098 கொழந்தைகளுக்கான நம்பர்னு தெரியணும். போற வழில ரெண்டு மூணு ஊட்டுக்காரங்ககிட்ட, மளிகைக்கடை அக்காகிட்ட, "எம் புள்ளை இந்த வழில தனியா வருவான், பாத்துக்கோங்க"ன்னு சொல்லி வெச்சு, எதாவது ஒண்ணுன்னா அந்த ஊட்டுக்கு ஓடுன்னு புள்ளைக்கும் காட்டிருங்க.

இவ்வளவும் ஆன பொறவு உட ஆரம்பிக்கலாம், கன்னுக்குட்டிய மேயக் கட்டறப்ப கயித்தை கொஞ்சங்கொஞ்சமா நீட்டற மாதிரி. மீட்டர் கணக்கு சொன்னா புள்ளைக்கு புரியாது, வேப்பமரம் வரைக்கும், அது பழகுன பொறவு புள்ளையார் கோயில் வரைக்கும், அப்புறம் கடை வரைக்கும்னு கண்ணால பாக்கற எல்லையா சொல்லுங்க. கெளம்பறப்ப எங்க போறேன், யாரோட, எப்ப வருவேன் மூணையும் சொல்லிட்டு போகோணும், எடம் மாறுனா திரும்பி வந்து சொல்லிட்டு போகோணும். நேரமும் கடிகாரத்துல வேண்டாம், தெருவெளக்கு போட்டா ஊட்டுக்கு, இல்லைன்னா ஆறு மணி பஸ் போனா ஊட்டுக்கு. கூட்டமா போனவங்க ஒட்டுக்கா போய் ஒட்டுக்கா வரணும், ஒருத்தனை மட்டும் உட்டுட்டு வரக்கூடாது. மொத ரெண்டு வாரம் நீங்க தூரத்துல நின்னு பாத்துக்கோங்க, கூப்பிட்டுக்கிட்டே இருக்காதீங்க. அவங்களுக்குள்ள சண்டை வரும், அழுகை வரும், முட்டி தேயும், அதுக்கெல்லாம் ஓடாதீங்க, சண்டைய அவங்களே தீத்துக்க கத்துக்கறதுக்குத்தானே வெளிய உடறோம்.

ஒரு விசயத்துல மட்டும் நெறைய ஊட்ல தப்பு நடக்குது. எட்டு வயசு அக்காகிட்ட ரெண்டு வயசு தம்பியை இடுப்புல குடுத்து வெளிய அனுப்பறது. அவ வெளாடவும் முடியாது, அவனை காப்பாத்தவும் முடியாது, எதாவது ஆனா காலம் பூரா அவதான் நொந்துக்குவா. அதே பொண்ணு வயசுக்கு வந்துட்டா சைக்கிளையும் நிறுத்தி வாசலையும் சாத்திடறோம், தம்பி மட்டும் ராத்திரி எட்டு மணி வரைக்கும் சுத்தறான். பத்து வயசு வரைக்கும் ரோடு தாண்ட, நேரத்துக்கு வர, ஆளைப் பாத்து நடந்துக்க கத்துக்கிட்ட பொண்ணுக்கு அதுக்கு மேல எல்லை கூடணுமே தவிர கொறையக்கூடாதுங்க. அவ கூட்டாளிங்களோட பெத்தவங்ககிட்ட பேசி நாலஞ்சு பேரா சேத்து அனுப்புங்க.

நேரம் தப்பி வந்தா என்ன பண்றது? அடிக்காதீங்க, அடிச்சா அடுத்த தடவை பொய் சொல்ல கத்துக்குவான். மொதல்ல சோறு போடுங்க, அப்புறம் என்னாச்சுன்னு கேளுங்க, நெசமாவே காரணம் இருந்தா உட்டுருங்க, வெளாட்டு மும்முரத்துல மறந்திருந்தா எல்லையை ஒரு வாரத்துக்கு பழையபடி வேப்பமரத்துக்கு இழுத்துருங்க. எல்லை மீறி தண்ணி பக்கம் போயிருந்தா மட்டும் ஒரு மாசம், நீங்க கூட இல்லாம வாசல் தாண்டறது இல்லைன்னு சொல்லிருங்க, ஆத்தா அப்பாரு யாரு சிபாரிசுக்கு வந்தாலும் அதுல எறங்கி வராதீங்க.