காட்டு மடத்தில் தங்கப் போகிறீர்களா?

தாய்லாந்தின் உபோன் ராட்சத்தானி மாகாணத்தில் 1975இல் பௌத்தத் துறவி அஜான் சா தொடங்கிய வாட் பா நானாசாட் போன்ற காட்டு மடங்களில் விருந்தினராகத் தங்கலாம். போகுமுன் நல்ல டார்ச் ஒன்று வாங்கிவிடுங்கள். அங்கே விடியலுக்கு வெகு முன்பே எழ வேண்டும். இருட்டில் நடக்கும்போது வெளிச்சம் காலடியில் விழட்டும், கட்டுவிரியன் இரவில்தான் உலவும். செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். தேளோ பூரானோ இருக்கலாம்.

எந்த உயிரையும் கொல்லக் கூடாது, கொசு உட்பட. (கை தானாகப் போகும், அடக்க வேண்டியதுதான்!) அதனால் கொசுவலைக்குள் படுங்கள். குடிலுக்குள் தேள் வந்தால் அகலமான டப்பாவால் மூடி, அடியில் கெட்டி அட்டையைச் செருகி, தூரமாகக் கொண்டுபோய் விடலாம். பாம்பென்றால் இந்த வேலையெல்லாம் வேண்டாம். விலகி நின்று பிக்குகளைக் கூப்பிடுங்கள்.