தெருவில் மாசக்கணக்கில் கிடக்கும் வண்டியை எடுக்க வைப்பது எப்படி? (சென்னை)

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127: பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துப்போக, சீருடையிலுள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம். இழுவைச் செலவு வண்டிக்காரர் தலையில். 10 மணி நேரத்தில் யாரும் ஓடி வரப்போவதில்லை. புகாரில் ஆதாரம் இருந்தால்தான் நகரும்.

1. வண்டி அசையவில்லை என்று காட்டுங்கள். தூசியும் காற்றிறங்கிய டயரும் போதாது, ஊருக்குப் போனவர் வண்டியும் அப்படித்தான் இருக்கும். டயரில் காற்றடிக்கும் வால்வைப் பாருங்கள். மேலே நிற்கிறதா, தரைப்பக்கமா? அது தெரிய ஒரு படம். பத்து நாள் கழித்து அதே கோணத்தில் இன்னொன்று. வால்வு அதே இடத்தில் இருந்தால் வண்டி அசையவில்லை என்பதற்கு அதுவே ஆதாரம். நம்பர் பிளேட், பக்கத்துக் கடை போர்டோடு முழு வண்டி, உள்ளே தேங்கிய தண்ணீர், இவற்றையும் எடுங்கள்.

2. எம்பரிவாகன் (mParivahan) என்ற அரசு வாகனச் செயலியில் நம்பரைப் போட்டால் பதிவு, இன்சூரன்ஸ் நிலவரம் வரும். உரிமையாளர் பெயர் முழுசாக வராது, தேவையும் இல்லை. பிளேட்டே இல்லையென்றால் கதவைத் திறந்து துழாவாதீர்கள். திருட்டு வண்டியாக இருக்கலாம். நேராக உள்ளூர் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

3. மாநகராட்சியிடம் புகார் செய்ய 1913-க்கு போன், அல்லது ‘நம்ம சென்னை’ செயலி. தெருப்பெயர், எதிர்வீட்டுக் கதவு எண், வண்டி நம்பர் மூன்றும் வேண்டும். ‘கோயில் பக்கத்தில்’ என்று மட்டும் எழுதினால் வருகிறவர் தேடி அலைந்துவிட்டுத் திரும்பிவிடுவார். தண்ணீர் தேங்கியிருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்: டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒன்றரை வாரம் போதும். புகார் எண்ணைக் குறித்துவையுங்கள்.

அடுக்குமாடி காம்பவுண்டுக்குள் கிடப்பது தெரு வண்டி இல்லை, அது சங்கத்தின் தலைவலி. காவல் நிலைய வாசலில் துருப்பிடிப்பவை பெரும்பாலும் வழக்குச் சொத்து. கோர்ட் உத்தரவில்லாமல் அசையாது.

வண்டி உங்களுடையதா? காயலான் கடையில் தள்ளிவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை கேள்வி உங்களிடம்தான் வரும். அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து, ஒப்படைப்புச் சான்றிதழை வாங்கி, ஆர்.டி.ஓ.வில் பதிவை ரத்து செய்துவிடுங்கள்.