கதைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நாம் செய்யும் தவறுகள்

பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் ஒரு கட்டு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பழுப்பு அட்டை, லேபிள், அதில் சிவப்பு மையில் ‘வாசிப்பு நோட்டு’. “ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கம் எழுத வைக்கிறேன் டீச்சர்” என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினைந்து வருடத்துக்கு முன் இதே நோட்டை, இதே சிவப்பு மையில் நான் போட்டிருக்கிறேன்.

பிள்ளைகளைக் கதைப் புத்தகம் படிக்க வைக்க டிவியை அணையுங்கள், திட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் வழுக்கி விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருப்பது

ஙௌ வருகிற ஒரு சொல்லைச் சொல்லுங்கள் பார்ப்போம். நமக்கே தேவைப்படாத எழுத்தைக் கற்று முடிக்கும்வரை குழந்தை ஏன் கதைக்காகக் காத்திருக்க வேண்டும்? மரம், படம், அம்மா என்று பத்துச் சொல் தெரிந்தால் போதும். மீதியைப் படம் சொல்லும்.

நோட்டு

அன்று என் வகுப்பில் விதி எளிமையானது. புத்தகம் எடுத்தால் தலைப்பு, ஆசிரியர், கதாபாத்திரங்கள், கதைச் சுருக்கம், கடைசியில் நீதி.

இரண்டே வாரத்தில் பிள்ளைகள் தேறிவிட்டார்கள். அட்டைப் படத்தைப் பார்ப்பதை விட்டு, புத்தகத்தை இரு விரலால் பிடித்துக் கனம் பார்த்து எடுக்கத் தொடங்கினார்கள். மெலிந்த புத்தகங்களுக்கு அடிதடி. தடித்தவை தொட ஆளில்லாமல் தூசி படிந்தன. நீதி என்ற இடத்தில் பெரும்பாலான நோட்டுகளில் ‘ஒற்றுமையே பலம்’. தனியாகக் காட்டில் திரிகிற யானைக்குட்டியின் கதைக்கும் அதுவேதான்! பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதிய ஒருவன், கீழே அவன் பெயரையும் சேர்த்தே எழுதிவிட்டான்.

இதுவரை சிரித்துக்கொள்ளலாம். நான்காம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு புத்தகம்கூட இல்லை. படிக்கவே மாட்டேன் என்கிறாள் என்று அவள் அம்மாவிடம் புகார்கூடச் சொன்னேன். ஒருநாள் சத்துணவுக்கு மணி அடித்த பிறகும் வகுப்பில் யாரோ நிற்பது தெரிந்தது. கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்த மூலையில் அவள்தான். புத்தகத்தைக் கழற்றவில்லை. தொங்குகிறபடியே தலையைச் சாய்த்து, தாள்களை விலக்கி விலக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். 

“எடுத்துட்டுப் போய் உக்காந்து படியேம்மா.”

“எடுத்தா எழுதணும்ல டீச்சர்.”

வகுப்பிலேயே ஆசையாகப் படித்த பிள்ளையை, திருட்டுத்தனமாகப் படிக்க வைத்திருக்கிறேன். அதற்கு மேல் அவள் அம்மாவிடம் புகார் வேறு. இப்போது நினைத்தாலும் என்மேல் எரிச்சல்தான் வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் படித்து முடிக்கும் கதைக்கு, எழுத்து இன்னும் கைவராத எட்டு வயசுப் பிள்ளை ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகும். அடுத்த புத்தகத்தை எந்தப் புத்திசாலி எடுப்பான்? 

தம்பியும் கேட்டார்: “ஆய்வுக்கு வந்தா என்ன காட்டுறது டீச்சர்?” அங்கேதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. தேதி, புத்தகம், பிள்ளையின் பெயர் என்று மூன்று கட்டம் போட்ட பதிவேடு போதும். ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்த புத்தகங்களையும் சேர்த்துக் காட்டுங்கள். பேச வைக்க வேண்டுமானால், “எந்தப் பக்கம் பிடிச்சுது?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

நிலையைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவது

அரசுப் பள்ளிகளுக்குத் தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகள். அது புத்தகத்துக்கு வைத்த பெயர். ஐந்தாம் வகுப்புப் பையன் ‘நுழை’யை எடுத்தால், “இது சின்னப் புள்ளைங்களுக்குடா” என்று பிடுங்காதீர்கள். அவனுக்கு அன்றைக்கு அது வேண்டியிருக்கிறது.

படித்ததையே படிக்கிறானே!

படிக்கட்டும்.

கதை நடுவே ழகரம் திருத்துவது

ஒருவன் புலிக் கதையை உரக்கப் படித்தான். ‘கிளவி’ என்றான், நிறுத்தினேன். ‘வளி’ என்றான், மறுபடி நிறுத்தினேன். அந்தப் புலி கடைசிவரை பாயவே இல்லை. ழகரத்துக்குத் தமிழ்ப் பாடவேளை இருக்கிறது.

எழுத்துக்கூட்டத் தெரிந்ததும் வாசித்துக் காட்டுவதை நிறுத்துவது

மூன்றாம் வகுப்பு வந்தால் “இனி நீயே படி” என்று கைகழுவி விடுகிறோம். ‘வந்துட்டாங்க’ என்று கேட்டு வளர்ந்த காதுக்குப் புத்தகத்தில் இருக்கும் ‘வந்துவிட்டார்கள்’ பாதி அந்நியம். எழுத்துத் தமிழின் ஓசை காதில் ஏறிய பிறகுதான் கண் அதைத் தடுமாறாமல் கடக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கும் நான் மதியம் பத்து நிமிடம் வாசிக்கிறேன். முக்கியமான கட்டத்தில் நிறுத்தி, புத்தகத்தை மேசையிலேயே ‘மறந்து’ விட்டுப் போவேன். திரும்பி வரும்போது அது மேசையில் இருக்காது.

பூட்டு

‘நூல்கள் பயன்படுத்துவதற்கே’. நூலகவியலின் ஐந்து விதிகளில் இதைத்தான் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் முதலில் வைத்தார். அந்த விதிகளைச் சொல்லும் அவர் நூல் வெளிவந்தது 1931இல். நம் பீரோ சாவி இன்னும் தலைமையாசிரியர் மேசையில்தான் இருக்கிறது. கிழிந்துவிடுமே என்பார்கள். கிழியத்தான் செய்யும். எங்கள் பள்ளியில் மாதம் ஒரு சுருள் செலோடேப் செலவாகிறது.