தளம் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறதா? டிக் கட்டளையால் நீங்களே பாருங்கள்

வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்காரர் தளத்தின் ஹோஸ்டிங்கை மாற்றுகிறார், சிலருக்குப் புதிய தளம் திறக்கிறது, சிலருக்குப் பழையதே வருகிறது, கேட்டால் "24 மணித்தியாலம் பொறுங்கள்" என்று பதில். உண்மையில் பொறுக்கத்தான் வேண்டுமா என்று நீங்களே பார்க்கலாம், சதக்காசு செலவில்லை.

முதலில் கருவி. ஒரு டொமைன் பெயர் எந்த ஐபி முகவரிக்கு, அதாவது தளம் இருக்கும் கணினியின் எண் முகவரிக்குப் போகிறது என்று கேட்டுச் சொல்லும் கட்டளைதான் டிக், பைண்ட் என்ற திறந்த மூல மென்பொருளோடு வருகிறது. உபுண்டுவில் ஆப்ட் மூலம் 'பைண்ட்9-டிஎன்எஸ்யூடில்ஸ்' பொதியை நிறுவுங்கள். மக் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, இப்போது டெர்மினலைத் திறந்து டி, ஐ, ஜி என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு உங்கள் டொமைன் பெயரை அடியுங்கள். நிறைய வரிகள் கொட்டும், பயப்படாதீர்கள், 'ஆன்சர்' பகுதி மட்டும் போதும். அந்த வரியின் கடைசியில் இருப்பது ஐபி முகவரி. பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், என்னைக் கேட்டால் முழு விஷயமும் அதில்தான்: அதுதான் டிடிஎல், உங்களுக்குப் பதில் சொல்லும் டிஎன்எஸ் சேர்வர் (பெயருக்கு ஐபி தேடித் தருவது) இந்தப் பதிலை இன்னும் எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கலாம் என்ற கணக்கு. கொஞ்சம் பொறுத்து அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் 3412 இருந்த இடத்தில் 3380 என்று குறைந்திருக்கும். பூச்சியமானதும் அந்தச் சேர்வர் புதிதாக விசாரிக்கும். 86400 என்று போட்டிருந்தால் அது சரியாக ஒரு நாள்.

அப்புறம் கட்டளையோடு '+டிரேஸ்' சேர்த்து ஓட்டுங்கள். இது யாருடைய பழைய நினைவையும் நம்பாமல் எல்லா டொமைன் பெயர்களுக்கும் தலையான வேர் சேர்வரில் தொடங்கி, (உங்கள் பெயர் .எல்கே என்று முடிந்தால்) எல்கே சேர்வர், கடைசியில் உங்கள் டொமைனின் சொந்த சேர்வர் என்று படிப்படியாக இறங்கிக் கேட்கும். அங்கே புதிய ஐபி வந்தால் பொறுத்திருங்கள், தானாகச் சரியாகும். அங்கேயும் பழைய ஐபிதான் என்றால் எத்தனை நாள் இருந்தாலும் மாறாது, டொமைனுக்கு எந்த ஐபி என்று எழுதியிருக்கும் ரெக்கோர்டை இன்னும் மாற்றவே இல்லை, உடனே ஹோஸ்டிங்காரருக்கு அந்த வரியையே அனுப்புங்கள்.

அடுத்த முறை ஐபியை மாற்றுவதாக இருந்தால், ஓரிரு நாள் முன்பே டிடிஎல்லை 300க்குக் குறைத்துவிடுங்கள், எல்லாம் சரிவந்த பிறகு திரும்பவும் ஏற்றிக்கொள்ளலாம்.