இங்கிலீஷ் புரொனவுண்: எங்கட பிள்ளையள் தடக்குப்படுற இடங்கள்

இங்கிலீஷ் எழுதேக்க கனபேர் பிழை விடுறது பெரிய பெரிய சொல்லுகளில இல்லை, ஹீ, ஹிம், ஹிஸ் எண்டு இருக்கிற குட்டிச் சொல்லுகளிலதான், அதுகளைத்தான் புரொனவுண், தமிழில பிரதிப்பெயர் எண்டுறது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில அமெரிக்க மிசன்காரர் 1823ஆம் ஆண்டு செமினரி எண்ட படிப்பிடம் துவங்கினவை, அவ்வளவு காலமா எங்கட ஊரில இங்கிலீஷ் படிப்பிக்கினம், எண்டாலும் பிரதிப்பெயர் அட்டவணையைப் பாடமாக்கின பிள்ளையே வசனம் எண்டு வரேக்க தடக்குப்படுது. எங்கட தமிழ் எங்க வேற மாதிரி ஓடுது எண்டு அட்டவணை சொல்லித்தராதுதானே, அதை விளங்கினால் பாதிப் பிழை தானா நிண்டுபோம்.

முதல்ல இதைப் பாருங்கோ. தமிழில "வந்தன்" எண்டாலே நான் எண்டு விளங்கிப்போம், "வந்தாள்" எண்டால் அவள். இங்கிலீஷில வெறும் "கேம்" எண்டால் வந்தது ஆரெண்டே தெரியாது. "மாமா நேற்று கனடாவில இருந்து வந்தவர், வீட்டை சாப்பிட்டவர், பிறகு கோயிலுக்குப் போட்டார்" எண்டதில மாமா ஒருக்காத்தான் வாறார். இங்கிலீஷில "மை அங்கிள் கேம் ஃப்றொம் கனடா யெஸ்டர்டே. ஹீ ஏட் அட் ஹோம். தென் ஹீ வென்ட் டு த டெம்பிள்" எண்டு பிறகு வாற ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு ஹீ போட வேணும். அதுக்காக "மை அங்கிள் ஹீ கேம்" எண்டு ரெண்டையும் சேர்த்துப் போடாதேங்கோ, ஏதாவது ஒண்டு போதும். "மழை பெய்யுது" எண்டதுக்கு "இட் இஸ் றெயினிங்", அந்த இட் ஒண்டையும் குறிக்கேல்லை, வசனத்தின்ர முன் இடம் வெறுமையா இருக்கக்கூடாது எண்டு வைக்கிறதுதான்.

இனி ஐ போடுறதோ மீ போடுறதோ எண்ட கேள்வி. செய்யுற ஆள் எண்டால் ஐ, ஹீ, ஷீ, வீ, தே. வினைக்குப் பின்னாலயும் டு, ஃபோர், வித் மாதிரிச் சொல்லுகளுக்குப் பின்னாலயும் மீ, ஹிம், ஹேர், அஸ், தெம். பொறி எங்க இருக்குதெண்டால் எங்கட "எனக்கு"வில. எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும், எனக்கு விருப்பம், இதெல்லாம் இங்கிலீஷில ஐ தான்: ஐ ஆம் ஹங்க்றி, ஐ நோ, ஐ லைக். "எனக்குத் தாங்கோ" எண்டதுதான் "கிவ் மீ". தம்பியும் நானும் எண்டு ரெண்டு பேர் வந்தால் தம்பியைத் தூக்கிப்போட்டுப் பாருங்கோ. அவ என்னைக் கூப்பிட்டவ எண்டதுக்கு "ஷீ கோல்ட் மீ" தான் சரி, அப்ப "ஷீ கோல்ட் மை பிறதர் அண்ட் மீ" எண்டுதான் வரும், ஐ வராது.

மரியாதை விசயத்தில கவனம். எங்களுக்கு அவன், அவர், அவள், அவ எண்டு இருக்கு, இங்கிலீஷில ஹீயும் ஷீயும்தான். அப்பப்பாவுக்கு மரியாதை எண்டு தே போட்டால் வாசிக்கிறவருக்கு கனபேர் வந்த மாதிரி இருக்கும். ஆணோ பெண்ணோ தெரியாத ஒராளுக்கு தே போடலாம், தன்னை அப்பிடிச் சொல்லச் சொல்லுற ஆளுக்கும் போடலாம், மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்காரர் 2019இல அந்தச் சொல்லைத்தான் வருசத்தின்ர சொல்லா எடுத்தவை. நீ, நீர், நீங்கள் மூண்டுக்கும் யூ ஒண்டுதான். பழைய இங்கிலீஷில ஒராளுக்கு தௌ எண்டு ஒரு சொல் இருந்தது, யூ கனபேருக்கு உரியது, அதாலதான் இண்டைக்கும் ஒராளைப் பார்த்தும் யூ ஆர் எண்டுறம்.

மை எண்டால் பின்னால பொருளின்ர பேர் வரும், மைன் தனிய நிக்கும். அப்பொஸ்ற்றொபி போட்ட இட்ஸ் எண்டால் இட் இஸ் அல்லது இட் ஹாஸ், போடாதது "அதின்ர". இதில பெரிய ஆக்களும் பிழை விடுகினம்.

"தன்ர சைக்கிளை எடுத்தார்", "அவற்ற சைக்கிளை எடுத்தார்", எங்களுக்கு ரெண்டும் வேற வேற. இங்கிலீஷில ரெண்டுக்கும் ஹிஸ் பைசிக்கிள்தான், அதால குழப்பம் வரும் எண்டால் ஹிஸ் ஓன் எண்டு போடுங்கோ, இல்லாட்டி மற்றவரின்ர பேரைச் சொல்லுங்கோ. மைசெல்ஃப் எண்டது செய்யுறவரும் படுறவரும் ஒராளா இருக்கேக்க வாறது, ஐ கட் மைசெல்ஃப் மாதிரி. இன்டர்வியூவில பேர் சொல்லேக்க "மைசெல்ஃப்" எண்டு துவங்காதேங்கோ, ஐ ஆம் போதும்.

அடுத்தது ஹூ, விச், தட். "நேற்று வந்த பெடியன்" எண்டதை இங்கிலீஷ் திருப்பிப் போடும், "த போய் ஹூ கேம் யெஸ்டர்டே". ஆக்களுக்கு ஹூ, பொருளுக்கு விச் அல்லது தட். ஹூ வந்தாப்பிறகு ஹீ வேண்டாம். நான் வாங்கின புத்தகம் எண்டதுக்கு "த புக் விச் ஐ போட் இட்" எண்டு எழுதினால் கடைசி இட்டை வெட்டுங்கோ.

மற்றதுகள் லேசு: திஸ், தட் ஒண்டுக்கு, தீஸ், தோஸ் கனக்கவுக்கு. எவ்ரிவண் எல்லாரையும் குறிச்சாலும் இஸ் தான்.

இப்ப நீங்கள் எழுதின பந்தி ஒண்டை எடுத்து, இந்தக் குட்டிச் சொல்லுகளைச் சுத்தி வட்டம் போட்டு, ஒவ்வொண்டும் ஆரைக் குறிக்குதோ அந்தப் பேருக்கு ஒரு அம்பு கீறுங்கோ. "குமார் டோல்ட் ரவி தட் ஹீ ஹாட் பாஸ்ட்" எண்டதில அம்பு ரெண்டு பக்கமும் போகும். பாஸ் பண்ணினது ரவி எண்டால் ஹீயை எடுத்துப்போட்டு ரவி எண்டே எழுதுங்கோ.