பல் சிகிச்சையில் பாட்டு: புது டாக்டர்கள் தவிர்க்க வேண்டியவை

மதுரையில் புதிதாக கிளினிக் திறக்கும் தம்பி தங்கைகள் பலர் இப்போது நாற்காலி பக்கத்தில் ஒரு ஹெட்போனும் வைக்கிறார்கள். நல்ல பழக்கம். பல்லைக் குடையும் ஏரோட்டரின் 'கீய்ங்' சத்தத்திலேயே பலருக்கு உடம்பு விறைத்துவிடும். பாட்டு அந்தப் பயத்தைத் தணிக்கும். ஆனால் ஒரே தவறுகள்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

மரத்துப்போகும் முன்பே சிகிச்சையைத் தொடங்குவது

இதைக் கேள்விப்பட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்ய ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். ஊசி போட்ட கையோடு காதில் பாட்டு. கண்ணை மூடிச் சும்மா படுத்திருந்தவரைப் பார்த்து, மரத்துவிட்டது என்று பல்லைத் திறந்திருக்கிறார்கள். வலி தாங்காமல் டாக்டர் கையைத் தள்ளிவிட்டு எழுந்தவர், மறுபடி அங்கே போகவில்லை. முகம் வீங்கிய பிறகு என்னிடம் வந்தார். ஹெட்போனை நீட்டினேன். "வேணாம் டாக்டர், அந்தப் பாட்டக் கேட்டாலே பல்லுக்குள்ள சுருக்குங்குது" என்றார். பல்லும் பாதியில் நின்றது, பிடித்த பாட்டும் போனது.

பாட்டு பதற்றத்தைக் குறைக்கும். நரம்பை மரக்கச் செய்யாது. கீழ்த்தாடை ஊசி பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். நரம்பு அழற்சியில் இருந்தால் உதடு மரத்த பிறகும் பல் வலிக்கலாம். "உதடு தடிச்ச மாதிரி இருக்காம்மா?" என்று கேளுங்கள். பல்லில் குளிர்ச்சி வைத்து, கூசுகிறதா என்று பாருங்கள்.

ஊசிக்குப் பதில் ஒலி என்ற ஆசை பழையது. அமெரிக்காவில் கார்ட்னர் என்ற பல் மருத்துவரும் லிக்லைடர் என்ற உளவியலாளரும் இசையையும் இரைச்சலையும் வைத்தே வலியை அடக்கியதாக 1960-ல் எழுதினார்கள். 1963-ல் உளவியலாளர் மெல்சாக்கின் குழு சோதித்தபோது ஒலி தனியாகப் பலிக்கவில்லை. 'இது வலியைக் குறைக்கும்' என்று அழுத்திச் சொன்னதும் சேர்ந்தபோதுதான் உதவியது. கார்ட்னரிடம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் நோயாளியின் கையில் இருந்தது.

டாக்டருக்குப் பிடித்த பாட்டு

புல்லாங்குழல்தான் நிம்மதி என்று நாமே முடிவு கட்டக் கூடாது. மேலூர்ப் பெரியவர் நையாண்டி மேளம் கேட்டார். போட்டோம், அசையாமல் வாயைத் திறந்து வைத்திருந்தார்.

ட்ரில்லைக் கையில் எடுத்த பிறகு பாட்டு

தாமதம். ஊசிக்கு முன்பே போடுங்கள்.

இரண்டு காதையும் அடைப்பது

நாம் சொல்வது அவர்களுக்குக் கேட்க வேண்டும். ஒரு காது போதும். இடது கையைத் தூக்கினால் நிறுத்துவோம் என்று முதலிலேயே சொல்லுங்கள். தூக்கினால் உடனே நிறுத்துங்கள்.