சுண்டல் பொட்டலம், காலண்டர் தாள், கொஞ்சம் மைதாப் பசை: கொலாஜ் செய்முறை

தாள் துண்டுகளை ஒட்டிச் செய்யும் படம்தான் கொலாஜ். அதற்கென்று தாள் வாங்கப் போக வேண்டாம். பத்து நாள் எதையும் குப்பையில் போடாமல் ஒரு பெட்டியில் சேர்த்தால் போதும்: தினசரி காலண்டரில் கிழித்த தாள், கோயிலில் விபூதி மடித்துத் தந்த துண்டு, கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட், கடற்கரையில் சுண்டல் வாங்கிய பொட்டலம். பற்றாவிட்டால் புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை போடும் சந்தையில் பழைய புத்தகங்களைக் கிளறலாம். ஜெர்மன் ஓவியர் கர்ட் ஷ்விட்டர்ஸ் 1919லேயே டிராம் டிக்கெட்டுகளையும் கிழிந்த பொட்டலத் தாள்களையும் ஒட்டிப் படம் செய்தவர். நமக்குச் சுண்டல் பொட்டலம்.

சேர்த்ததை அப்படியே ஒட்டிவிட முடியாது. மெஷினில் அடித்துத் தரும் பஸ் டிக்கெட்டும் ஏடிஎம் சீட்டும் வெப்பத்தாள். சூடு பட்டால் கறுக்கும், சும்மா வைத்தாலும் சில மாதத்தில் எழுத்து வெளுத்துப்போகும். அவற்றை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். வீட்டு இன்க்ஜெட் பிரிண்ட் பசை ஈரத்தில் கரையும். ஜெராக்ஸ் மை கரையாது. சுண்டல் தாளில் எண்ணெய் ஊறிய இடத்தில் பசை பிடிக்காது, அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். கல்யாணப் பத்திரிகையின் வழவழப்பான முதுகை 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பசை பற்றும். செய்தித்தாள் நனைந்ததும் பின்பக்க எழுத்து முன்னால் தெரியும். ஒட்டுமுன் முதுகில் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள். அப்படியும் அது மஞ்சளாகத்தான் போகும். அது பிடிக்காதவர்கள் அதையும் ஜெராக்ஸ் எடுக்கலாம்.

தாள்களைத் தரையில் பரப்பியதும் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். முதலில் கோடில்லாத தாளில் பத்து நிமிஷம் நிறுத்தாமல் எழுதுங்கள். கேள்வி சின்னதாக இருக்கட்டும்: இந்த வருஷம் யாரிடம் எதைச் சொல்லாமல் விட்டேன்? பால்பாயின்ட் பேனாவே நல்லது. ஜெல், மைப்பேனா இரண்டும் பசையில் ஓடிவிடலாம். இந்தப் பக்கம்தான் படத்தின் அடி அடுக்கு. முக்கால்வாசி மறையப் போகிறது என்று தெரிந்தால் கை தயங்காது. எழுதி முடித்து, அந்த எழுத்தோடு சம்பந்தப்பட்ட தாள்களாக ஏழெட்டு மட்டும் பொறுக்குங்கள். அந்த நாளின் காலண்டர் தாள், ராகு காலம் எமகண்டத்தோடு, பல பூப்படங்களைவிட அதிகம் சொல்லும். வார இதழிலிருந்து ‘அன்பு’, ‘நம்பிக்கை’ என்று பெரிய எழுத்துகளை வெட்டி ஒட்டும் ஆசையை அடக்குங்கள். படம் வாழ்த்து அட்டையாகிவிடும்.

அடித்தளத்துக்கு 2 மி.மீ. பைண்டிங் அட்டை, ஏ4 அளவு. பசைக்கு இரண்டு மேசைக்கரண்டி மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இன்னும் அரை டம்ளர் ஊற்றி, சிறு தீயில் கண்ணாடி போல வரும்வரை கிளறுங்கள். ஆறியதும் கிராம்புத் தைலம் மூன்று சொட்டு. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் போல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட வேண்டாம்: அது விஷம், அதிலுள்ள செம்பு தாளையும் அரிக்கும். ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்தால் இந்தப் பசை இரண்டு நாளில் புளித்துவிடும். ராமபாணப் பூச்சிக்கும் மைதா பிடிக்கும். அதற்குப் பயந்தால் ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு; ஆனால் காய்ந்தபின் தாளைத் திரும்ப உரிக்க முடியாது.

எழுதிய பக்கத்தை அட்டையில் ஒட்டுங்கள். மேலே வருபவற்றைப் பசையில்லாமல் அடுக்கி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு பிறகு ஒட்டுங்கள். கிழித்த ஓரம் மென்மையாகக் கலக்கும், வெட்டிய ஓரம் துருத்தி நிற்கும், இரண்டும் வேண்டும். பருத்திக் கழிவில் செய்த கைவினைத் தாள் (அரவிந்தர் ஆசிரமத்தின் தாள் ஆலை புதுச்சேரியிலேயே இருக்கிறது) நார் நீளமானது, சும்மா கிழியாது. ஈரத் தூரிகையால் கோடு போட்டு, இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தால் பஞ்சு போன்ற ஓரம் வரும்.

தாளின் முதுகில் பசை தடவியதும் ஒரு நிமிஷம் விடுங்கள். ஈரத்தில் தாள் விரியும். விரியுமுன் ஒட்டினால் அட்டைமேல் விரிந்து குமிழ் எழும். செய்தித்தாள் மட்டும் விதிவிலக்கு, அது நனைந்தால் கிழியும் என்பதால் பசையை அட்டையில் தடவுங்கள். பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் நடுவிலிருந்து வெளியே நீவுங்கள். அட்டையின் பின்பக்கமும் ஒரு முழுத்தாள் ஒட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் காயும் தாள் இழுத்து அட்டை அப்பளம் போல வளையும்.

இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் 24 மணி நேரம் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள், நடுவில் பட்டர் பேப்பரை மாற்றி. வெயிலில் காயவைத்தால் ஓரம் சுருளும்.

பிறகுதான் நூல், வேட்டிக் கரை, பென்சில் கோடு, நீர்த்த அக்ரிலிக். எழுத்தில் எந்த வரி வெளியே தெரியலாம் என்று இப்போது முடிவு செய்யுங்கள். மறைக்க வேண்டியதை டிஷ்யூ தாள் ஒற்றை அடுக்கால் மூடினால் பாதி தெரியும், இரட்டை அடுக்கில் நிழல் மட்டும்.

மேல்பூச்சாக ஃபெவிகால் அடிக்காதீர்கள். கடலோர ஈரப்பதத்தில் பிசுபிசுத்து ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மேட் (பளபளப்பில்லாத) அக்ரிலிக் வார்னிஷ் மெல்லிசாக இரண்டு பூச்சு, நடுவே ஒரு நாள் இடைவெளி. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 3 மி.மீ. இடம் விட்டுச் சட்டமடிக்கச் சொல்லுங்கள்; ஒட்டி நின்றால் மழைக்காலத்தில் அந்த இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும்.